வயதாகாத ரத்தம்

கையை நீட்டச் சொன்னால் பெரும்பாலானவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். டாக்டர் மட்டும் ஊசி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அதனால் அவரிடம் ரத்தம் எடுப்பது எனக்கு எப்போதுமே சுலபமான வேலை. பேச்சுக் கொடுத்துக் கவனத்தைத் திருப்ப வேண்டிய அவசியம் இல்லை.

இன்ஸ்பெக்டர், உங்களுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. டாக்டரின் கிளினிக் லேபில், ஃப்ரிட்ஜில் அவர் பெயர் ஒட்டிய குழாய் இருந்தது, அதற்குள் ஒரு பெண்ணின் ரத்தம் இருந்தது, அந்தப் பெண் நான். இதை மறுத்து உங்கள் நேரத்தையும் என் நேரத்தையும் வீணாக்க மாட்டேன். ஏன் என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டால் யாராக இருந்தாலும் ஒத்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன்.

முதலில் கிரியாட்டினின். பயப்படாதீர்கள், எளிமையான விஷயம்தான். தசை வேலை செய்யும்போது உண்டாகும் கழிவு அது. ரத்தத்தில் கலந்து ஓடும், சிறுநீரகம் வடிகட்டி வெளியே அனுப்பும். ரத்தத்தில் அது ஏறினால் சிறுநீரகம் சரியில்லை என்று அர்த்தம். இருபது வயதுக்காரருக்கு இந்தக் கணக்கு சரியாக வரும். வயதானவர்களிடம்தான் ஏமாற்றிவிடும். வயதாக ஆகத் தசை கரைகிறது, கழிவும் குறைகிறது. வீட்டில் ஆள் குறைந்தால் குப்பையும் குறையும் இல்லையா? கூட்டுகிறவள் பாதி நாள் வராவிட்டாலும் முற்றம் சுத்தமாகத்தான் தெரியும். சிறுநீரகம் முக்கால்வாசி போயிருக்கும், தாளில் நார்மல் என்று வரும்.

எங்கள் மெஷினுக்கு வயது தெரியாது. கல்லூரிப் பையனுக்கும் தொண்ணூறு வயதுப் பெரியவருக்கும் ஒரே அளவுகோல்தான். அதனால் அறுபத்தைந்து தாண்டியவர்களின் ரிப்போர்ட்டில், வயதையும் எடையையும் வைத்து நானே கணக்குப் போட்டு, மூலையில் பென்சிலால் எழுதுவேன். ‘சிறுநீரகம் நூற்றுக்கு நாற்பது’ என்பது மாதிரி. அரை நிமிட வேலை. யாரும் சொல்லிக் கொடுத்து வந்த பழக்கம் இல்லை, என் புத்திக்குத் தோன்றியது.

டாக்டருக்கு அது பிடிக்கவில்லை. ஒருநாள் ரிப்போர்ட்டும் கையுமாகக் காத்திருப்பு அறைக்கே வந்துவிட்டார். எனக்கு அவர் வைத்திருந்த பெயர் கொசு. “கொசு, நீ குத்தினா போதும். வைத்தியம் பாக்க நான் இருக்கேன். இந்தப் பென்சில் கிறுக்கல் எல்லாம் இனிமே வேண்டாம்” என்றார். நோயாளிகள் சிரித்தார்கள். அவர் எதைச் சொன்னாலும் சிரிக்கிற கூட்டம் அது. பதினெட்டு வருடம் வேலை பார்த்த இடத்தில் என்னால் முகம் காட்ட முடியவில்லை.

ஆனால் நான் நிறுத்தவில்லை. முன்னைவிட அழுத்தி எழுதினேன். ரப்பர் போட்டு அழித்தாலும் தாளின் பின்பக்கம் விரலுக்குத் தட்டுப்படும். அப்படி அழுத்துவேன்.

பெரியக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பதினெட்டு வயது மூத்தவள். அம்மா போன பிறகு எனக்குத் தலை வாரியதும் திட்டியதும் அவள்தான். தையல் மெஷின் மிதித்து என்னைப் படிக்க வைத்தாள். நான் இந்த வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொள்ள அவள் முழங்கால் இரண்டும் தேய்ந்தன. அறுபத்தேழு வயதில் படி ஏற முடியவில்லை. நான்தான் டாக்டரிடம் அழைத்துப் போனேன். ரத்தம் எடுத்ததும் நான்தான். முப்பத்தெட்டு கிலோ உடம்பு, நரம்பு விரலுக்கடியில் நழுவியது. “உன் கையே தெரியலடி, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கு” என்றாள்.

கிரியாட்டினின் 1.1. அளவுகோலுக்குள் இருந்தது. டாக்டர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. வலி மாத்திரை வேளைக்கு ஒன்றாக மூன்று வேளை எழுதினார். வயதாகித் தளர்ந்த சிறுநீரகத்துக்கு அந்த மாத்திரை விஷம். ஆறு வாரத்தில் கால் வீங்கியது. ஏழாவது வாரம் போய்விட்டாள். வயசாச்சு இல்லையா, என்றார் டாக்டர். என் தோளில் தட்டிக்கூடக் கொடுத்தார்.

அந்தத் தட்டலைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. எனக்கு வெறி வந்தது. இப்போதும் இருக்கிறது, அதை உங்களிடம் ஒளிக்கப் போவதில்லை.

டாக்டருக்கு அப்போது எழுபத்திரண்டு. ஒல்லியான மனிதர், அவருக்கும் முழங்கால் வலி. அதே மாத்திரையைத்தான் வாயில் போட்டுக்கொள்வார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்னிடம் கையை நீட்டுவார். அக்கா போன பிறகு முதல் முறை வந்தபோது 1.2 இருந்தது. தாளில் நார்மல். அவர் வயதுக்கும் எடைக்கும் கணக்குப் போட்டால் பாதிக்கும் கீழே. நான் ஒன்றும் எழுதவில்லை. பென்சில் வேண்டாம் என்று சொன்னவர் அவர்தானே? அவர் கேட்டதைத்தான் கொடுத்தேன்.

அடுத்த முறை 1.6. மெஷின் அதைத் தடித்த எழுத்தில் காட்டிவிடும். அவர் சுதாரித்துக்கொள்வார், மாத்திரையை நிறுத்துவார், இன்னும் பத்து வருடம் நன்றாக இருப்பார். பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு அரை நிமிடம் யோசித்தேன். பிறகு ரப்பர் பட்டையைப் பல்லால் இழுத்து இடது கையில் கட்டி, என் ரத்தத்தை எடுத்தேன். அவர் பெயரை ஒட்டி மெஷினில் வைத்தேன். 0.8 வந்தது.

நான் ஒரு எண்ணைக்கூடப் பொய்யாக எழுதவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு எண்ணும் மெஷின் சொன்னதுதான்.

டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தத் தாளைக் காத்திருப்பு அறையில் எல்லோரிடமும் காட்டினார். “பாத்தீங்களா, ஆளுக்குத்தான் வயசு. ரத்தத்துக்கு இல்ல” என்றார். வழக்கம்போல் சிரித்தார்கள். என் ரத்தத்தை அவர் மெச்சிக்கொண்டது எனக்குக்கூடச் சிரிப்பாகத்தான் இருந்தது. மாத்திரையை ஒன்றிலிருந்து இரண்டாக ஏற்றிக்கொண்டார்.

இப்படி ஐந்து முறை. அவருடைய நிஜக் குழாயையும் நான் தூக்கி எறிந்துவிடவில்லை. பெயர் போடாமல் தனியாக மெஷினில் வைத்துப் பார்த்து ஒரு நோட்டில் குறித்தேன். 1.6, 1.9, 2.4, 3.3, 5.1. வேலையில் நான் ஒழுங்கானவள், பாதியில் விட மாட்டேன். கடைசி இரண்டு முறை அவர் சட்டையை மடிக்கும்போது கையெல்லாம் சொறிந்த தழும்பு. செருப்பு காலுக்குள் போகவில்லை. மூச்சு வாங்கியது. வேறு நோயாளிக்கு அப்படி இருந்தால் எனக்கே புரிந்திருக்கும், அவருக்குப் புரியாதா? ஆனால் அவர் தாளை நம்புகிறவர். தாள் 0.8 என்றது.

டாக்டரின் மனைவி ஒருநாள் லேபுக்கே வந்தார். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். “அவருக்குச் சாப்பாடே இறங்க மாட்டேங்குதும்மா. கேட்டா எரிஞ்சு விழறார். நீதானே பாக்கறே, ரத்தத்துல எதாவது இருக்கா? எங்கிட்டயாவது சொல்லும்மா.”

“எல்லாம் நார்மல்தாம்மா” என்றேன். அவர் என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது.

பன்னிரண்டு நாள் கழித்து டாக்டர் தன் அறையிலேயே சரிந்தார். பெரிய மருத்துவமனையில் பார்த்தபோது கிரியாட்டினின் ஒன்பது. இரண்டு வாரத்துக்குள் 0.8 எப்படி ஒன்பது ஆகும் என்று அங்கே ஒருவர் கேட்டார். கெட்டிக்காரர். மறுநாள் டாக்டர் போய்விட்டார், அதற்கடுத்த நாள் நீங்கள் வந்தீர்கள்.

அவ்வளவுதான். நான் அவரைக் கொன்றேன். பதினைந்து மாதம், நிதானமாக, தெரிந்தே கொன்றேன். என் அக்காவுக்கு அவர் செய்ததை அவருக்கு நான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இது என்ன தாள்? ஆமாம், அக்காவின் ரிப்போர்ட்தான். வீட்டில் பீரோவில் புடவைக்கு அடியில் இருந்தது. கிரியாட்டினின் 1.1, கீழே என் கையெழுத்து. மூலையில் எழுதியது அழிந்திருக்கும். பென்சில்தானே, இரண்டு வருடம் ஆகிவிட்டது.

திருப்பிப் பார்க்கச் சொல்கிறீர்கள். விரலால் தடவிப் பார்க்கச் சொல்கிறீர்கள்.

வழவழவென்றுதான் இருக்கிறது.

மற்ற தாள்களை எடுக்க வேண்டாம். காத்திருப்பு அறையில் அவர்கள் சிரித்த நாளுக்குப் பிறகு உள்ளவை எல்லாமே இப்படித்தான் இருக்கும். வேலை போய்விடுமோ என்ற பயம், மறுபடி சிரித்துவிடுவார்களோ என்ற கூச்சம். அறுபத்தேழு வயது, முப்பத்தெட்டு கிலோ, 1.1. நூற்றுக்கு முப்பது. பாருங்கள், இப்போதும் அரை நிமிடம்கூட ஆகவில்லை.

டாக்டர் அறைக்குள் போவதற்கு முன்னால் அக்கா பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் தாளை நீட்டினேன். அவளுக்கு எண்கள் புரியாது. “எப்படிடி இருக்கு?” என்று என்னைத்தான் கேட்டாள்.

“எல்லாம் நார்மல்தான்க்கா” என்றேன்.