பாதித் தூரம் வாங்கய்யா

அவையை அமைதியாய் ஆளும் தலைவர் அவர்களே, நரையை முடியாய்ச் சூடி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளையை மடியிலும் பொறுமையை மனத்திலும் ஏந்தி வந்திருக்கும் தாய்மார்களே, காளவாசலில் பஸ் பிடித்து நாகமலை வந்து சேர்ந்த நண்பர்களே, இந்த முதியோர் இல்லத்தின் கண்காணிப்பாளனுடைய பணிவான வணக்கம்.

அன்பு என்பது யாது? அள்ளி ஊட்டுவதா? அசையாதே என்று அடக்குவதா? அருகில் நின்று அடியெடுக்க வைப்பதா? தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

செக்கானூரணிப் பக்கத்தில் உழுது பிழைத்த சம்சாரி கண்ணுச்சாமி காய்ச்சலில் படுத்தார். காய்ச்சல் விட்டது, கட்டில் விடவில்லை. மகன்கள் குறை வைத்தார்களா? இல்லை. எழுந்தால் "படுங்கப்பா" என்றார்கள். பசித்தால் கஞ்சி ஊற்றினார்கள். பாசம் பெருகப் பெருகக் கால் சூம்பியது. பொறுக்காத மகள் சின்னத்தாய் அவரை இங்கே சேர்த்தாள். மூத்த மகன் முத்திருளன், "அப்பன் அங்க செத்தா, எங்க வீட்டு நல்லது பொல்லாதுக்கு நீ வரக் கூடாது" என்று தங்கையின் உறவையே அறுத்துப் பேசினார்.

முதல் நாள் கண்ணுச்சாமி எங்கள் நர்ஸ் சகாயமேரியிடம், "தாயி, சோத்த இங்கன கொண்டா" என்றார்.

"கொண்டு வாரேன்யா. பாதித் தூரம் நான் வாரேன். பாதித் தூரம் நீங்க வாங்க."

சிரிக்காதீர்கள் அண்ணே, அன்று அவர் திட்டிய திட்டு மேடைக்கு ஆகாது. திட்டிக்கொண்டே உட்கார்ந்தார். திட்டிக்கொண்டே நின்றார். முட்டையும் பருப்பும் உள்ளே போகப் போக, தோளைப் பிடித்தவர் சுவரைப் பிடித்தார். சுவரைப் பிடித்தவர் கம்பைப் பிடித்தார்.

பொங்கல் கழிந்து, அவரை வீட்டுக்குக் கொண்டுபோக மகன்கள் காரோடு வந்தார்கள். கிழவர் முடியப்போகிறார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வழியில் உயிர் பிரியும் நேரம் வந்தால் வாயில் ஊற்றச் செம்பில் பால் இருந்தது. கண்ணுச்சாமி கம்பை ஊன்றிக் கூடத்துக்கு வந்தார். செம்பை வாங்கி மடமடவென்று குடித்தார்.

"சீனி போடலையாடா?" என்றார்.

முத்திருளன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார். பிறகு, அப்பனைப் பார்க்க வந்திருந்த தங்கையிடம், "நீயும் ஏறு ஆத்தா, வீட்டுக்குப் போவோம்" என்றார். தகப்பனைத் தூக்கக் குனிந்தவரைச் சின்னத்தாய் தடுத்தாள்.

"தூக்காதீகண்ணே. அவரே ஏறுவாரு."

ஏறினார்.

சபையோரே, தூக்குவதற்குக் கைகள் ஆயிரம் உண்டு. காத்திருப்பதற்குக் கை எங்கே உண்டு? அதற்காகவே இந்த இல்லம். பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நன்றி. கூட்டம் கலையும்போது பக்கத்துப் பெரியவரை இழுத்து எழுப்பிவிடாதீர்கள். அவர் எழும்வரை நில்லுங்கள். வணக்கம்.