மகனுக்கென்று ஓர் அறை

காகிதக் கல் செய்வதில் அவசரம் கூடாது, இன்ஸ்பெக்டர் ஐயா. பழைய தாளைக் கிழித்து நாலு நாளாவது ஊற விட வேண்டும். பிறகு பீப்பாயில் கூழாக அடித்து, மணலும் சிமெண்டும் சேர்த்து, மர அச்சில் ஊற்றி, மேலே பலகை வைத்து அழுத்தித் தண்ணீரை வடிக்க வேண்டும். முப்பத்தெட்டு வருஷம் கொத்தனாராக இருந்தவன் நான். செங்கல்லைவிட இது எடை குறைவு. வயதான இரண்டு பேர் தூக்கலாம்.

வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை வேண்டும் என்றவள் என் மனைவி. மகன் என்றைக்காவது பெண்டாட்டியோடு வந்தால் தங்குவதற்கு. நான் வேண்டாமென்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு போனவன் அவன். இனி இந்த வாசலை மிதிக்காதே என்று சொன்னேன். சொன்ன சொல்லை மாற்றும் பழக்கம் எனக்கில்லை. ஆனாலும் அறைக்குச் சம்மதித்தேன். கையில் வேலை இருந்தால் அவள் அழமாட்டாள்.

அவன் கடிதம் போட்டுக்கொண்டுதான் இருந்தான். போன் நம்பரை நான் மாற்றிவிட்டதால் அவனுக்கு வேறு வழியில்லை. தபால்காரரிடம் நான்தான் வாங்குவேன். அவளுக்கு நன்றாகவே படிக்கத் தெரியும் என்பதால், படித்ததும் கிழித்து ஊறப் போட்டுவிடுவேன்.

பதினோராவது கடிதத்தில், சிறுநீரகம் இரண்டும் போய்விட்டதென்று எழுதியிருந்தான். அம்மாவுடையது பொருந்தலாம் என்று டாக்டர் சொன்னாராம். ‘கேட்டு மட்டும் பாருங்கப்பா’ என்று முடித்திருந்தான். நாலாம் நாள் அந்தக் கூழை அடித்தவள் அவள்தான். கையை முழங்கைவரை உள்ளே விட்டுக் கட்டிகளை உடைத்தபடி, “இன்னிக்கு வெண்ணெய் மாதிரி ஊறியிருக்குங்க” என்றாள்.

கேட்டிருந்தால் கட்டிய புடவையோடு கிளம்பியிருப்பாள். அறுபது வயது உடம்பு. போனவள் திரும்பி வருவாளா என்று யாராவது யோசித்தார்களா? நான் யோசித்தேன்.

அடுத்த மாதம் மருமகள் நேரில் வந்தாள். நான் வாசல் கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டேன். பின்கட்டில் என் மனைவி காய்ந்த கற்களின் ஓரத்தை ரம்பத்தால் சீவிக்கொண்டிருந்தாள்.

“அத்தைகிட்ட ஒரு வார்த்தை பேசிக்கிறேன் மாமா.”

“கேட்டாச்சும்மா. முடியாதுன்னுட்டா.”

“அவங்க வாயாலயா சொன்னாங்க?”

“அவ வாயாலதான். எனக்கு அவன் எப்பவோ செத்துட்டான்னு சொன்னா.”

அந்தக் கடைசிப் பேச்சு கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அதைச் சொல்லாவிட்டால் அவள் போயிருக்க மாட்டாள். கைப்பையை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ரம்பச் சத்தம் வந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

அதன் பிறகு மகன் எட்டு வாரம்தான் உயிரோடு இருந்தான். அம்மா சொன்னதாகக் கேட்டபின், வேறு யாரிடமும் போய்க் கேட்கக்கூடாதென்று தடுத்துவிட்டானாம். எல்லாம் முடிந்த பிறகு, மருமகள் என் மனைவியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பதற்காகத் திரும்ப வந்தாள். எப்படி அத்தை அப்படிச் சொல்ல மனசு வந்தது என்று. நான் சிமெண்ட் வாங்கப் போயிருந்தேன். திரும்பியபோது, கூரை போடாத அந்த அறைக்குள் என் மனைவி மட்டும் உட்கார்ந்திருந்தாள். மருமகள் உங்களிடம் வந்திருந்தாள்.

எந்தப் பிரிவில் வழக்கு எழுதுவதென்று நீங்கள் தடுமாறுவது தெரிகிறது. நான் யாரையும் கை நீட்டி அடிக்கவில்லை. கடிதங்களை ஊறப் போட்டேன், ஒரு பொய் சொன்னேன். என் பிள்ளையைக் கொன்றது அதுதான் என்றால் அப்படியே எழுதுங்கள். மறுக்கமாட்டேன், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் பொழுதோடு என்னை அனுப்பிவிடுங்கள். இன்றோடு ஐந்து நாள், அவள் அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் கொடுத்தால் ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறாள். நான் டம்ளரை நீட்டினால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். பாவம், என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?