நோய் ராஜாவின் கிரீடம்

என் வெள்ளைக் கோட்டின் கை கொஞ்சம் நீளம். அளவெடுத்த அம்மாள், "இன்னும் வளர்ற பையன்தானே, இருக்கட்டும்" என்று விட்டுவிட்டாள். அதனால் நோயாளியின் நாடியைப் பிடிப்பதற்கு முன்னால் நான் எப்போதும் கையை மடித்துவிட்டுக்கொள்வேன். பார்க்கிறவர்கள் அதை அனுபவம் என்று நினைத்தார்கள்.

ஸ்டேஷன் காபிக்கு நன்றி, மேடம். நானாகத்தான் வந்தேன் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் படிப்பு விநோதமானது. பள்ளிக்கூடம் முடித்த கையோடு உள்ளே எடுத்துக்கொண்டு, கல்லூரிப் பட்டத்தையும் மருத்துவத்தையும் சேர்த்தே தந்து ஆறு வருடத்தில் டாக்டராக வெளியே அனுப்புவார்கள். அமெரிக்காவில் மற்றவர்கள் கல்லூரியை முடித்துவிட்டு மருத்துவ இடத்துக்காக நாயாய் அலைய வேண்டும். எங்களுக்கு இடம் முதல் நாளே உறுதி. தலைக்கனமும் அன்றைக்கே வந்துவிடுகிறது.

கோட்டு மாட்டும் விழாவில், "இன்றுமுதல் மானுடத்தின் வலியைச் சுமக்கும் தோள்கள் உங்களுடையவை" என்றார் டீன். மறுநாள் காலை கட்டுரை எழுதுவது எப்படி என்ற வகுப்பு. மானுடத்தின் தோள்களில் பாதி தூங்கிப்போய் வரவில்லை.

பெற்றோர் டாக்டராக இருந்தால் மேடையேறித் தாங்களே பிள்ளைக்குக் கோட்டு மாட்டலாம் என்பது எங்கள் கல்லூரி வழக்கம். கிரேடி ஹால்ஸ்ட்ரமுக்கு அவன் அப்பா மாட்டினார். பெரிய இருதய அறுவை நிபுணர். மகனின் காலரைச் சரிசெய்யவே ஒரு அறுவை சிகிச்சைக்கு ஆகிற நேரம் எடுத்துக்கொண்டார். என் அப்பா நெப்ராஸ்காவில் சோளக் கிடங்கு வைத்திருப்பவர். கீழே உட்கார்ந்து எல்லோருக்கும் ஒரே மாதிரி கைதட்டினார்.

கிரேடி என் அறைத் தோழன். கெட்டவன் என்று சொல்ல முடியாது. கோட்டைப் போட்டுக்கொண்டு பர்கர் கடைக்குப் போவான். "வெங்காயம் வேண்டாம்" என்பதைக்கூட மருந்து எழுதிக் கொடுக்கிற குரலில்தான் சொல்வான். வரிசையில் நின்ற ஒரு கிழவர் அவனிடம் முழங்கால் வலிக்கு யோசனை கேட்டார். இவனும் சொன்னான். எல்லாம் சின்னத் தவறுகள்.

பெரிய தவறு ஒன்றுதான். என் தங்கை ஜோசியைப் பற்றியது.

இரட்டையர் நாங்கள். எனக்குப் பின்னால் பிறந்தவள், ஆனால் எல்லாவற்றிலும் எனக்கு முன்னால் போனவள். வேதியியல் அவள் சொல்லிக்கொடுத்துத்தான் எனக்கு ஏறியது. பதினோராம் வகுப்பில் ஒரு முறை மாத்திரைகளை அள்ளி விழுங்கிவிட்டாள். பிழைத்தாள், தேறினாள், அதற்குப் பிறகுதான் டாக்டராக வேண்டும் என்று உறுதியாகச் சொன்னாள். இருவரும் சேர்ந்தே இந்தக் கல்லூரிக்கு விண்ணப்பித்தோம். நேர்முகத் தேர்வுக்கும் ஒரே நாளில் வந்தோம். கிரேடியையும் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தோம், மதியச் சாப்பாட்டு மேஜையில்.

அன்று சாயங்காலம் கிரேடி தேர்வுக் குழுவில் ஒருவரை ஓரமாகக் கூப்பிட்டு, அந்தப் பெண்ணைப் பற்றிக் கவலையாக இருக்கிறது, மாத்திரை விழுங்கினவளாமே, இந்தப் படிப்பின் பாரத்தைத் தாங்குவாளா என்று கேட்டிருக்கிறான். எனக்கும் அவனுக்கும் இடம் கிடைத்தது. ஜோசிக்குக் கிடைக்கவில்லை. இப்போது ஊரில் ஒரு கால்நடை மருத்துவரிடம் நாய்களுக்கு நேரம் ஒதுக்கித் தருகிறாள்.

எனக்கு இது தெரிந்ததும் அவன் வாயாலேதான். அறைக்கு வந்த முதல் வாரம், நல்ல மனசோடு சொன்னான். "அக்கறையிலதான்டா சொன்னேன். நாளைக்கு அவளுக்கு ஏதாவது ஆயிருந்தா? நீயே என்னை மன்னிச்சிருக்க மாட்ட."

"சரிதான்" என்றேன். அவனுக்கு எப்படித் தெரிந்தது என்பது இங்கே முக்கியமில்லை.

முதல் வருட மருத்துவ மாணவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. படிக்கிற வியாதியெல்லாம் தனக்கு வந்துவிட்டதாகத் தோன்றும். தலைவலி என்றால் மூளைக்கட்டி, இருமினால் காசநோய். எல்லா வருடமும் எல்லோருக்கும் வருவதுதான். பேராசிரியர்கள் முதல் வகுப்பிலேயே சொல்லிச் சிரிக்க வைப்பார்கள்.

விடுதியில் நான் ஒரு விளையாட்டைத் தொடங்கினேன். அந்த வாரம் யாருக்கு மிகவும் அபத்தமான நோய் வந்ததோ, அவனுக்கு வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டில் நோய் ராஜா பட்டம். பீட்சா அட்டையை வெட்டி நானே கிரீடம் செய்தேன். ஓரத்தில் எண்ணெய்க் கறைகூட இருந்தது. கிரேடியின் பெயரை நான்தான் எப்போதும் முன்மொழிவேன். அவனுக்கு ஒரு முறை தொழுநோய், ஒரு முறை இருதய வால்வுக் கோளாறு, ஒரு முறை மாலைக்கண். ஒவ்வொரு முறையும் அவன் எழுந்து நின்று, கை அசைத்து, கிரீடத்தை வாங்கிக்கொள்வான். விழாக்கள் அவனுக்குப் பிடிக்கும்.

அக்டோபருக்குள் கிரேடி வயிற்றைப் பிடித்தாலே மேஜை முழுக்கச் சிரிக்கும் நிலைக்கு வந்துவிட்டோம். என்ன நடக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. ஏதாவது ஒன்று நடக்கும்போது அவனை யாரும் நம்பக் கூடாது, அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

ஒரு வியாழக்கிழமை அவன் வகுப்புக்கு வரவில்லை. தொப்புளைச் சுற்றி வலி, சாப்பிடப் பிடிக்கவில்லை என்றான். வெள்ளிக்கிழமை மதியம் வலி வலப்பக்கம் கீழே இறங்கியிருந்தது. காய்ச்சலும் இருந்தது.

"டேய் எம்மெட், இது குடல்வால்டா. நிஜமாவே."

"போன வாரம் மாலைக்கண்ணும் நிஜமாத்தான் இருந்துச்சு."

"விளையாடாதடா. நீயே பாரு."

பார்த்தேன். கோட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டேன். வலப்பக்கம் மெதுவாக அழுத்திச் சட்டென்று கையை எடுத்தேன். அழுத்தும்போது இருப்பதைவிட எடுக்கும்போது வலி அதிகம் என்றால் என்ன அர்த்தம் என்று அந்த வாரம்தான் வார்டில் கற்றுக்கொடுத்திருந்தார்கள். கிரேடி அன்று வரவில்லை. கையை எடுத்ததும் அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

என் வாழ்க்கையின் முதல் நோயறிதல் அது. சரியாகவும் இருந்தது.

"வாயு" என்றேன். "படுத்துக்கோ."

அவன் அப்பாவுக்குப் போன் செய்தான். போனிலிருந்து அவர் சிரிப்பது எனக்குக் கேட்டது. "எனக்கு முதல் வருஷத்துல மூணு தடவை மூளைக்கட்டி வந்துச்சுடா. உன் ரூம்காரன் இருக்கானா? குடு."

கொடுத்தான்.

"தம்பி, வயித்தைத் தொட்டுப் பார்த்தியா?"

"பார்த்தேன் சார். மெத்துன்னுதான் இருக்கு. காய்ச்சல் இல்லை. காலையில அப்பம்கூடச் சாப்பிட்டான்."

"நல்ல டாக்டரா வருவ. அவனைக் கொஞ்சம் பார்த்துக்கோ."

"நிச்சயமா சார்."

உலகத்தின் தலைசிறந்த இருதயங்களைத் திறந்து பார்த்தவர் அவர். என் குரலை மட்டும் வெளியிலிருந்தே நம்பிவிட்டார். கோட்டுப் போட்டவன் பொய் சொல்ல மாட்டான் என்று அவர்களுக்குள் ஒரு நம்பிக்கை.

அன்றைய சாப்பாட்டுக்குக் கிரேடியால் எழுந்து வர முடியவில்லை. அதனால் எல்லோரும் கிரீடத்தை எடுத்துக்கொண்டு எங்கள் அறைக்கே வந்தார்கள். நான்காவது முறை ராஜா ஆனான். வியர்வையில் கிரீடம் நெற்றியில் ஒட்டிக்கொண்டது. கூட்டத்தில் ஒருத்தி, "மூஞ்சியைப் பாரேன், என்னமா நடிக்கிறான்" என்றாள். அவனும் சிரித்தான். பாவம், கையும் அசைத்தான்.

சனிக்கிழமை காலை அவன் முகம் தெளிந்திருந்தது.

"டேய், வலி சட்டுனு போயிடுச்சுடா. நீ சொன்னதுதான் சரி. வாயுதான்."

குடல்வால் வெடிக்கும்போது வலி கொஞ்ச நேரம் அப்படித்தான் விட்டுப்போகும். அதுவும் பாடத்தில் இருந்தது. மேடம், அவன் எனக்கு நன்றி சொன்னபோது நான் அவனைத் திருத்தவில்லை.

அன்றைக்குக் கால்பந்து ஆட்டம். விடுதியே காலி. போர்வையை இழுத்துவிட்டு, தண்ணீர் வைத்துவிட்டு, "யாரையும் தொந்தரவு பண்ணாம தூங்கு" என்று சொல்லிவிட்டு நானும் போனேன். எங்கள் அணி ஜெயித்தது. வரும் வழியில் எல்லோரும் பாடினோம். திரும்பி வந்தபோது அவன் வயிறு பலகையாக இருந்தது. என்னை வேறு பெயரில் கூப்பிட்டான். அப்போது நான்தான் ஆம்புலன்ஸை அழைத்தேன். அறிகுறிகளை வரிசை மாறாமல் சொன்னேன். போனில் இருந்த பெண், "நீங்க டாக்டரா?" என்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை, நாங்கள் வாராவாரம் பாடம் படிக்கும் அதே ஆஸ்பத்திரியில், இறந்தான்.

அஞ்சலிக் கூட்டத்தில் டீன் மானுடத்தின் வலி பற்றிய அதே பேச்சைக் கொஞ்சம் சுருக்கிப் பேசினார். அவன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாவது பக்கத்துல இருந்தியே தம்பி" என்றார். சிரித்த தன்னைத்தான் அவர் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஆறுதல் சொன்னேன். வலியைச் சுமப்பது எப்படி என்று அப்போது ஓரளவு புரிந்தது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜோசிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். உனக்காகத்தான் செய்தேன் என்றேன். சந்தோஷப்படுவாள் என்று நினைக்கவில்லை. புரிந்துகொள்வாள் என்று நினைத்தேன். போனில் அவளுக்குப் பின்னால் ஒரு நாய் குரைத்துக்கொண்டிருந்தது.

பிறகு கேட்டாள். "எம்மெட், அந்த மேஜையில என்னைத் தெரிஞ்ச ஆளு நீ ஒருத்தன்தான். நான் மாத்திரை சாப்பிட்டது அவனுக்கு எப்படிடா தெரிஞ்சுது?"

போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு எடுக்கவில்லை. அதனால்தான் உங்களிடம் வந்தேன். யாராவது ஒருவர் இதை நிதானமாகக் கேட்க வேண்டும்.

அன்று ஜோசி கைகழுவப் போயிருந்தாள். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு இடம் தர மாட்டார்கள் என்று மேஜையில் பேச்சு வந்தது. பக்கத்தில் கிரேடி இருந்தான். அவளைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை சொன்னேன். அக்கறையில்தான் சொன்னேன். ஆனால் எழுந்து போய் அதை மேலே சொன்னவன் அவன்தானே, மேடம்.