தனித்து உண்ட தணிக்கையாளர் சீதாலட்சுமி அம்மையாருக்கு

பிழை பொறுக்காப் பெருந்தகையே! சிவப்புப் பேனாவால் எங்களைச் செதுக்கிய செம்மலே! மதுரை கே.கே. நகரில் எங்கள் மென்பொருள் நிறுவனத்தின் நிரல் தணிக்கையாளராய் வீற்றிருந்து, இன்று மாலை ஆறு மணியோடு பணி நிறைவு பெறும் சீதாலட்சுமி அம்மையாரே! வணக்கம்.

ஜாவா என்னும் நிரல்மொழியில் நாங்கள் எழுதிக் குவித்த கிளாஸ்களையும் இன்டர்ஃபேஸ்களையும் அச்சிட்டு வாங்கி, ஒவ்வொரு மெத்தடின் பெயரையும் ஐயத்தோடு அளந்தீர்கள். கிளாஸ் என்னும் வார்ப்பின் பெயரையே தாங்கிய மெத்தட், அதிலிருந்து ஆப்ஜெக்ட் என்னும் உரு பிறக்கும்போது தானாக ஓட வேண்டிய கட்டளைத் தொகுப்பு. அதன் முன்னே 'வாய்ட்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டாலோ, அழைத்தால் மட்டுமே வரும் ஆளாகிவிடும். நிரலின் பிழை சொல்லும் கம்பைலரும் கண்டுகொள்ளாது! இரத்த வங்கி மென்பொருளில் வெங்கடேஷ்பாபு அப்படித்தான் எழுதியிருந்தார். நீங்கள் வட்டமிட்டிராவிட்டால், கொடையாளர் எவருக்கும் இரத்த வகையே பதிவாகியிராது. எதையும் தானாகப் பிறப்பிக்க இயலாத இன்டர்ஃபேஸுக்குள் பிறப்பிக்கும் மெத்தடின் பெயரை வைத்த விஜய்ஆனந்தை மட்டும் விட்டீர்களா? உங்கள் செருப்புச் சத்தம் கேட்டால் இன்றும் அவர் தம் தாள்களை ஒருமுறை புரட்டிப் பார்த்துக்கொள்வார்.

தொடக்கத்தில் எங்களோடுதான் உண்டீர்கள். ஒருநாள் இந்துப்ரியா கொடுத்த புளியோதரையை உண்டுவிட்டு, அவர் நிரலில் ஐயத்துக்குரிய பெயரைக் கண்டும் பேனா எடுக்கத் தயங்கினீர்கள். "அவ கையால வாங்கித் தின்னுட்டு அவ பேப்பர்லயே எப்படிப்பா வட்டம் போடுறது? இனிமே நான் அங்கிட்டே சாப்பிட்டுக்கிறேன்" என்றீர்கள். வட்டத்தையும் போட்டீர்கள், மறுநாள் முதல் உணவு வேளையில் அறைக் கதவையும் சாத்திக்கொண்டீர்கள்.

அந்த நேர்மையைப் பாராட்டவே இம்மடல். ஆனால் அம்மையாரே, கூடத்தில் நாங்கள் கூடிச் சிரித்து உண்கையில், சுவருக்கு அப்பால் நீங்கள் சாப்பாட்டோடு தாள்களையும் விரித்து, ஏதோ ஒரு பெயரோடு உங்கள் தாய்மொழியான சௌராஷ்டிரத்தில் வாதாடுவது எங்களுக்குக் கேட்கும். பதில் சொல்ல அங்கே ஆளில்லை. கணவரை இழந்தபின் திருநகர் வீட்டிலும் ஒருவருக்குத்தான் உலை என்பதை அறிந்தோம். அறிந்தும் அந்தக் கதவைத் தட்ட எவருக்கும் துணிவு வரவில்லை. தட்டியிருக்க வேண்டும்.

நேற்றுத்தான் துணிந்தோம்; இன்று மதியம் பிரிவு விருந்து என்று அழைத்தோம். "நாளைக்கு ஆறு மணி வரைக்கும் நான் வேலையிலதானப்பா இருக்கேன், எப்படி வர்றது?" என்றீர்கள். இன்று மதியமும் கதவு சாத்தியே இருந்தது.

ஆகவே விருந்தை மாலைக்கு மாற்றினோம். தேய்வில்லாத உடல்நலமும் தெளிந்த கண்ணும் பெற்று நீங்கள் நெடுநாள் வாழ மீனாட்சியம்மை அருள்க! இதோ, வாசித்து முடிப்பதற்குள் மணி ஆறைக் கடந்துவிட்டது. இனி நீங்கள் எங்களுக்குத் தணிக்கையாளர் அல்லர். இலை போட்டாயிற்று. நடுவில் இருப்பது உங்களுடையது. நீங்கள் அமராமல் எங்களில் எவரும் கை நனைக்கப் போவதில்லை. வாருங்கள் அம்மா, சாப்பிடலாம்.

உங்களால் திருந்திய
உடன் பணியாளர்கள்
மதுரை, ஜூன் 2007