குழாய்த் தண்ணீர்

உச்சி வெயில், மணி பன்னிரண்டு. காஞ்சிபுரத்திலிருந்து ஓரிக்கை போகிற சாலையில் ஒரு நாய்கூட இல்லை... இது நம் வசந்தின் சித்தப்பா ஆதிகேசவனுக்கு நடந்தது. ராத்திரியில் மட்டும்தான் பேய் வரும் என்று நம்புகிறவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.

ஆதிகேசவன் இன்வெர்ட்டர் பேட்டரி மெக்கானிக். இருபது வருஷமாகத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போன மனுஷன். சட்டையெல்லாம் ஆசிட் ஓட்டை. அன்று மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பதிலிருந்து கரண்ட் இல்லை. அந்த நாள் வந்தாலே அவருக்குச் சலிப்புதான். ஊரில் செத்துக் கிடக்கிற பேட்டரி எல்லாம் அன்றைக்குத்தான் தெரியவரும், போன் ஓயாது. பன்னிரண்டுக்கு வந்தது ஓரிக்கை கமலாட்சியம்மாவின் நம்பர். பேச்சில்லை. இன்வெர்ட்டர் கத்துகிற சத்தம் மட்டும்... கீ... கீ... கீ...

அந்த வீட்டில் பேட்டரியே கிடையாது. நான்கு மாதம் முன்பு அவரே கழற்றி எடுத்து வந்துவிட்டார்.

கமலாட்சியம்மாவின் கணவர் கந்தன், தறிக்காரர். நுரையீரல் கெட்டு, ஆக்சிஜன் மிஷினோடு கட்டிலில் கிடந்தார். கரண்ட் போனால் அந்த மிஷின் ஓடத்தான் பேட்டரி. உப்பே இல்லாத டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றினால் நான்கைந்து வருஷம் தாராளமாக உழைக்கும் என்று சொல்லி மாட்டியவரே ஆதிகேசவன்தான். ஒரு நாள் தண்ணீர் ஊற்றப் போனபோது கேன் காலி. கடைக்குப் போய்த் திரும்பி வர உடம்பில் தெம்பில்லை. குழாயைத் திறந்து போர் தண்ணீரைப் பிடித்தார். கமலாட்சியம்மா வெளியே போயிருந்தார். கந்தன் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குழாய்த் தண்ணிதான்ணே. ஒரு தடவதான?"

கந்தன் மூச்சு வாங்கியபடி தலையாட்டினார். அப்புறம் போனபோதெல்லாம் அதே குழாய்தான்.

ஒன்றரை வருஷத்தில் பேட்டரி உட்கார்ந்துவிட்டது. ஒரு பராமரிப்பு நாளில், இதே உச்சி வேளையில், மிஷின் நின்று கந்தன் போய்ச் சேர்ந்தார். திறந்து பார்த்தால் பிளேட்டெல்லாம் போர் தண்ணீர் உப்பேறி வெள்ளை பூத்துக் கிடந்தது. பேட்டரிக்கு ஆயுசு அவ்வளவுதான் என்று கமலாட்சியம்மாவிடம் சொல்லிவிட்டு, பழைய சாமான் கடையில் போட்டார். அந்தப் பொய் அவரைத் தூங்கவிடவில்லை. அந்தம்மாவுக்குத் தெரிந்துவிடுமோ என்று ஓரிக்கைப் பக்கமே தலைகாட்டவில்லை.

இப்போது போனார். கதவு திறந்திருந்தது. இன்வெர்ட்டரில் விளக்கில்லை, ஒயர் இரண்டும் தொங்கின, கீச்சுச் சத்தமும் இல்லை. ஆனால் அழுகிய முட்டை நாற்றம்... பேட்டரி கொதித்தால் வருமே, அது. அப்புறம் கட்டில் பக்கம், ஆக்சிஜன் மிஷினின் தண்ணீர்க் குடுவை குமிழி விடுகிற சத்தம். குளுக்... குளுக்... வாடகை மிஷின், எப்போதோ திரும்பிப் போய்விட்டது. கட்டில் காலி.

கமலாட்சியம்மா உள்ளேயிருந்து வந்தார். தான் போனே பண்ணவில்லை என்றார். வெயிலில் வந்தவருக்கு ஒரு சொம்பு நீட்டினார். ஆதிகேசவன் ஒரே மூச்சில் குடித்தார். உப்புக் கரித்தது.

"கேன் தண்ணி உள்ள இருக்குதுப்பா," என்றார் அந்தம்மா, அலுத்துப்போன குரலில். "அவருதான் இதக் குடுக்கச் சொன்னாரு. குழாய்த் தண்ணிதான்... ஒரு தடவதான?"

கட்டில் பக்கம் குமிழிச் சத்தம் நின்றிருந்தது.