பெரிய மூக்கு

எஹலியகொடையிலிருந்து இரத்தினபுரிக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மடியில் பானை அளவுக்கு ஒரு இரும்பு டப்பா இருந்தது.

"நம்ம வண்டிக்கு மூக்கு சின்னதுங்க. அதான் மேட்டுல மூச்சு வாங்குது," என்றாள் அவள்.

கேட்டுக்கொண்டே வந்ததில் விஷயம் புரிந்தது. அவர்களிடம் இருப்பது ஒரு பழைய டீசல் பிக்கப். அவர்கள் வசிக்கும் ரப்பர் தோட்டத்தில் யாருக்கு முடியாமல் போனாலும் அதில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். மடியில் இருந்தது, கழித்துப்போட்ட லொறி ஒன்றிலிருந்து வாங்கிய எயார் பில்டர்; எஞ்சின் இழுக்கும் காற்றை வடிகட்டுவது.

"இது லொறி சாமான் புள்ள. இருக்கிற பில்டரையே தட்டித் தொடச்சுப் போட்டா ஆகாதா?"

"அன்னைக்கும் தட்டித்தான் போட்டீங்க. ரப்பர் ஸ்டோர் மேட்டுல கரும்புகையா கக்கிட்டு நின்னுருச்சு. அண்ணி உள்ள வலியில துடிக்கிறாங்க, பொம்பளைங்க நாங்க எறங்கித் தள்ளுறோம். புள்ள வண்டியிலயே பொறந்துச்சு."

"ரெண்டு பேரும் நல்லாத்தானே இருக்காங்க."

"இருக்காங்க. வர்ற மாசம் நம்ம மகளுக்கு. அவளையும் தள்ளிக்கிட்டா போறது?"

அவர் டப்பாவின் உயரத்தைச் சாண் வைத்து அளந்து பார்த்தார்.

"கராஜ் பாஸ் பாத்துட்டு, பொனட் மூடாதுன்னு சொன்னா?"

"பொனட்ட வெட்டச் சொல்லுங்க."

குருவிட்டையைத் தாண்டியதும் அவர் எழுந்து மணியை அடித்தார். டப்பாவை அவள் மடியிலிருந்து வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"வெட்டுறதுன்னா நல்லா அகலமாவே வெட்டச் சொல்றேன்," என்று சொல்லிக்கொண்டே, அவளுக்கு முன்னால் இறங்கிப் போனார்.