மாஸ்ரருக்கு எழுதிக் கொடுத்த போர்

என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, நீங்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவரா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். இல்லை, வக்கீல் மதாம். ஊரில் நீதிமன்றத்தில் எழுதுவினைஞனாக இருந்தேன். தமிழில் எழுதித் தந்தால் போதும், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது என்று சொன்னீர்கள். நல்லது. அவர் கவனமானவராக இருக்கட்டும். இந்த வேலையில் ஒரு சொல் இடம் மாறினால் என்னவெல்லாம் நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

என் பெயர் வலன்ரைன். 1978இல் பாரிசுக்கு வந்து, உணவகமொன்றில் கோப்பை கழுவினேன். மத்தியான ஓய்வில் சேன் நதிக்கரையின் பழைய புத்தகப் பெட்டிகளைக் கிளறுவேன். நான் பிரெஞ்சு படித்த பள்ளிக்கூடம் அந்தப் பெட்டிகள்தான். எனக்குப் பிடித்தவை போர்க் கதைகள். நெப்போலியனை எல்லோருக்கும் தெரியும், அவர் வேண்டாம். மூலையில் ஒதுங்கிக் கிடக்கும் சின்னச் சின்னப் போர்கள்தான் எனக்கு ருசி.

1870இல் ஜேர்மன் படைகள் பாரிசைச் சுற்றி வளைத்தபோது, கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து இரண்டு பேர் தபால் மூட்டைகளோடு பலூனில் ஏறினார்கள். எங்கள் தெருவிலிருந்து பத்து நிமிட நடை. காற்று அவர்களைத் தூக்கிக்கொண்டு போய் நோர்வேயின் பனிமலையில் போட்டது. ஸ்பெயினில் லிஹார் என்றொரு குக்கிராமம். தங்கள் ராஜாவைப் பாரிஸ்காரர்கள் அவமதித்தார்கள் என்று 1883இல் பிரான்ஸ் மேல் போர் அறிவித்தது. நூறு வருடம் ஒரு வெடிகூட வெடிக்கவில்லை. 1983இல் சமாதானம் செய்துகொண்டார்கள். அப்போது நான் இங்கேதான் இருந்தேன். ஒரு போர் முடிந்ததே எனக்குத் தெரியாமல் பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்திருக்கிறேன்.

இவற்றை ஞாயிறு பின்னேரங்களில் சொல்வேன். தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் குணரத்தினத்தின் பலசரக்குக் கடை; அதன் பின்னறையில் அரிசி மூட்டைகள்தான் எங்கள் கதிரைகள். குணரத்தினம், என்னோடு கோப்பை கழுவிய பேதுரு, இன்னும் மூன்று நான்கு பேர். எல்லோருக்கும் நான்தான் கேஸ் எழுதிக் கொடுத்தவன். அகதி விண்ணப்பத்தை நாங்கள் கேஸ் என்போம். ஆள் தமிழில் சொல்வார், நான் பிரெஞ்சில் எழுதுவேன், அவர் கையொப்பம் வைப்பார். யாரிடமும் ஒரு சதம் வாங்கியதில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து என் கதையைக் கேட்டால் போதும்.

1985 மாசியில் தவரத்தினம் மாஸ்ரர் வந்தார். உயர்தர வகுப்புக்கு ஐரோப்பிய வரலாறு படிப்பித்தவர். மனைவியும் இரண்டு மகள்மாரும் ஊரில். மூன்று ஞாயிறு ஒன்றும் பேசாமல் தேத்தண்ணீர் குடித்தார். நான்காம் ஞாயிறு நான் கரான்செபெஸ் கதையைச் சொன்னேன்.

அது என் சொத்து, மதாம். 1788. துருக்கியரோடு மோதப் போகிறது ஒஸ்திரியப் படை. முன்னால் போன குதிரைக்காரருக்குச் சாராயப் பீப்பாய்கள் கிடைக்கின்றன. பின்னால் வந்த காலாட்கள் பங்கு கேட்கிறார்கள். இவர்கள் மறுக்கிறார்கள். ஒரு வெடி. யாரோ 'துருக்கியன் வந்துவிட்டான்' என்கிறான். ஜேர்மன் பேசும் அதிகாரி 'ஹால்ட்' என்று தடுக்கிறார். மொழி தெரியாத சிப்பாயின் காதில் அது 'அல்லா' என்று விழுகிறது. தங்களைத் தாங்களே சுட்டு, விடியும்போது பத்தாயிரம் பேர் கிடக்கிறார்கள். துருக்கியன் இன்னும் வந்து சேரவேயில்லை. இந்த இடத்தில் பேதுரு எப்போதும் தொடையில் தட்டிச் சிரிப்பான்.

அன்றைக்கு அவன் தட்டுவதற்கு முன்னால் மாஸ்ரர் தொண்டையைச் செருமினார்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. உந்தப் பத்தாயிரம் எண்டது அம்பது, அறுபது வருசம் கழிச்சு ஒருத்தர் எழுதினது. அந்தக் காலத்துப் பதிவுகளிலை அப்பிடி இல்லை. ஏதோ குழப்பம் நடந்தது உண்மை. மிச்சத்துக்குச் சான்று இல்லை."

"அப்ப உண்மையிலை என்ன நடந்தது, மாஸ்ரர்?" என்றான் பேதுரு. கேட்டுக்கொண்டே மூட்டையில் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

மாஸ்ரர் சொன்னார். ஒரு சாரமும் இல்லாத விளக்கம். எல்லோரும் வாய் பார்த்திருந்தார்கள். முடிவில் என் தோளைத் தொட்டு, "ஆனால் அண்ணை சொல்லுற விதம் நல்லாயிருக்கு. நானும் உப்பிடிச் சொல்லியிருந்தால் என்ரை பிள்ளையள் வகுப்பிலை நித்திரை கொண்டிருக்காதுகள்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உண்மையில் அன்று ஆகப் பலமாகச் சிரித்தவன் நான்தான்.

அடுத்த கிழமை அவர் கேஸ் எழுத என் அறைக்கு வந்தார். நேரான, சின்னக் கதை. அவர் படிப்பித்துக்கொண்டிருந்தபோது ஜீப்பில் வந்த ராணுவக்காரர்கள் ஐந்து மாணவர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். மாஸ்ரர் வகுப்பின் வரவு இடாப்பில் அந்த ஐந்து பெயர்களுக்கு நேரே ஜீப்பின் இலக்கத்தையும் நேரத்தையும் குறித்தார். பிள்ளைகள் திரும்பவில்லை. அவர் போய் நீதவானிடம் இலக்கத்தைச் சொன்னார். அதன் பிறகு அவரைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். அந்த இடாப்புத் தாளைச் சட்டை மடிப்புக்குள் வைத்துத் தைத்துக் கொண்டுவந்திருந்தார். இத்தனை சுத்தமான ஆதாரத்தோடு என்னிடம் வேறு யாரும் வந்ததில்லை.

நான் வேறொன்று எழுதினேன். மாஸ்ரரை முகாமொன்றில் அடைத்து வைத்திருந்தார்கள். சிப்பாய்களுக்குள் சாராயப் பீப்பாய்க்குச் சண்டை வந்தது. எதிரி வந்துவிட்டான் என்று ஒருவன் கத்தினான். தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டார்கள். முந்நூறு பேர் செத்தார்கள். மாஸ்ரர் உடல்களைத் தாண்டி நடந்து வெளியே வந்தார். ஒரு முகாமில் முந்நூறு பேர் செத்திருந்தால் அது உலகப் பத்திரிகைகளிலெல்லாம் வந்திருக்கும் என்பது அகதிகள் அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதனால்தான் முந்நூறு என்று போட்டேன். முப்பது என்று போட்டிருந்தால் நம்பியிருப்பார்கள்.

மாஸ்ரருக்கு அப்போது பிரெஞ்சில் ஒரு சொல்லும் தெரியாது. காட்டிய இடத்தில் கையொப்பம் வைத்தார். வாசலில் நின்று இரண்டு தரம் நன்றி சொன்னார்.

எட்டு மாதத்தில் மறுப்பு வந்தது. 'விண்ணப்பதாரரின் கூற்று கற்பனை. எந்தச் சான்றும் இல்லை' என்று இருந்தது. ஆதாரம் போதாதாம் என்று அவருக்குச் சொன்னேன்.

"அந்த இடாப்புத் தாளையுமே நம்பேல்லை?" என்று கேட்டார்.

நம்பவில்லை என்றேன். தாள் என் மேசை லாச்சிக்குள் இருந்தது. மேன்முறையீட்டையும் நான்தான் எழுதினேன், அதே கதையை இன்னும் விரிவாக. அதுவும் போயிற்று. ஆனாலும் அவர் ஞாயிறுகளில் வருவார். மூட்டையில் உட்கார்ந்து, நான் சொல்வதைத் தலையை ஆட்டிக் கேட்பார். திருத்த மாட்டார். அவை சந்தோஷமான மாதங்கள். டென்மார்க்கின் போர்கள் முழுவதையும் அந்தக் காலத்தில்தான் சொல்லி முடித்தேன்.

1986 செப்ரெம்பரில் நகரத்தில் குண்டுகள் வெடித்தன. மெத்ரோ வாசல்களில் பொலிஸ் நின்று காகிதம் கேட்டது. ஒரு ஞாயிறு நான் பாதிக் கதையில் இருந்தபோது குணரத்தினம் உள்ளே வந்தார்.

"வலன்ரைன் அண்ணை, மாஸ்ரரைப் பிடிச்சுப் போட்டாங்கள். கொமிசாரியாவிலை இருந்து போன். நீங்கள் ஒருக்கால் போய்க் கதைக்கோணும்."

கதையை முடித்துவிட்டுப் போனேன். பாதியில் விட்டால் கேட்பவர்களுக்குச் சங்கடம். பொலிஸ் நிலையத்தில் மாஸ்ரர் ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். பொலிஸ்காரர் நல்ல மனிதர், மரியாதையாகத்தான் கேட்டார்: ஊருக்குத் திருப்பி அனுப்புவது பற்றி இவர் ஏதும் சொல்ல விரும்புகிறாரா?

மாஸ்ரர் சொன்னார்: "என்ரை பேர் அவங்களிட்டை இருக்கு, அண்ணை. அனுப்பினால் எயார்போட்டிலை வைச்சே எடுப்பாங்கள். எனக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள். இதை அப்பிடியே சொல்லுங்கோ."

'களைத்துப்போயிருக்கிறார்' என்று பிரெஞ்சில் சொன்னேன். அது பொய்யில்லை. அவரைப் பார்த்தாலே தெரிந்தது.

பதினொரு நாளில் அனுப்பினார்கள். பிறகு அவர் மனைவி கோசலையிடமிருந்து கடைக்குக் கடிதம் வந்தது. கொழும்பில் விமானம் இறங்கியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மாஸ்ரர் வெளியே வந்ததைப் பார்த்தவர்கள் இல்லை. நான்கு மாதம் கழித்து உடலை அடையாளம் காட்டக் கூப்பிட்டார்கள். பேதுரு மூட்டையில் முகத்தைப் புதைத்து அழுதான். அந்த ஞாயிறு நான் கதை சொல்லவில்லை. பொருத்தமாக இருக்காது என்று பட்டது. அடுத்த ஞாயிறு சொன்னேன்.

1987 கடைசியில் கோசலை இரண்டு பிள்ளைகளோடும் வந்து சேர்ந்தார். பாரிசின் புறநகரான ஸ்தேனில் ஒரு உறவினர் வீட்டில் ஒரே அறை. கேஸ் எழுத என்னிடம்தான் வந்தார். "இவர் கடிதத்திலை எப்பவும் உங்களைப் பற்றித்தான் எழுதுவார். வலன்ரைன் அண்ணை இருக்கிறார், பயமில்லை எண்டு" என்றார்.

அவருக்கு எழுதியது என் வாழ்நாளின் சிறந்த கேஸ். ஐந்து மாணவர்கள், ஜீப், நீதவான், விமான நிலையம், உடல். ஒரு வரிகூடக் கற்பனை இல்லை. இடாப்புத் தாளையும் இணைத்தேன். மாஸ்ரர் என்னிடம் பத்திரமாக வைக்கத் தந்தது என்று சொன்னபோது, அவர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஐந்தே மாதத்தில் அகதி அட்டை வந்தது. அவருக்கும், பிள்ளைகள் இருவருக்கும்.

மூத்தவள் சாரதாதேவியை உங்களுக்குத் தெரியும். உங்களிடம் வந்தவள் அவள்தானே. பதினேழு வயது. இரண்டே வருடத்தில் என்னைவிட நல்ல பிரெஞ்சு. போன மாதம் குணரத்தினம் கடையை ஒதுக்கியபோது, பின்னறையில் கிடந்த மாஸ்ரரின் பெட்டி அகப்பட்டது. அவள் அதைத் திறந்து, தகப்பனின் விண்ணப்பப் பிரதியை வாசித்திருக்கிறாள். தகப்பன், தாய் இருவரின் தொசியேகளையும், அதாவது விண்ணப்பக் கோவைகளையும், கொண்டு என் அறைக்கு வந்தாள்.

"மாமா, அப்பா ஒருநாளும் முகாமிலை இருக்கேல்லை."

"ஓம்."

"இந்தத் தாள் அம்மாவின்ரை தொசியேயிலை இருக்கு. அப்பாவின்ரையிலை இல்லை. அப்பா கொண்டு வந்த தாள். அப்ப இவ்வளவு காலமும் இது எங்கை இருந்தது?"

"என்ரை லாச்சியிலை."

என் புத்தக அலுமாரியைப் பார்த்தாள். பிறகு தமிழை விட்டுவிட்டு, "பூர்குவா?" என்றாள். ஏன் என்று. தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். தொடவில்லை. கோவைகளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, படிகளில் மெதுவாக இறங்கிப் போனாள்.

நீங்களும் அதையேதான் கேட்டிருக்கிறீர்கள். நேராகவே சொல்கிறேன். ஓம், தெரிந்துதான் எழுதினேன். கொமிசாரியாவிலும் தெரிந்துதான் சொன்னேன். திருப்பி அனுப்பினால் என்ன ஆகும் என்பது லா சப்பலில் என்னைவிட நன்றாக யாருக்கும் தெரிந்திருக்காது. அதைத்தானே வருடக்கணக்காக எழுதிக்கொண்டிருந்தேன். ஆனால் கோபத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். நான் கோபக்காரனில்லை. மாஸ்ரர் மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர் ஒரு தவறு செய்தார். அந்தப் பத்தாயிரம் பிழையென்றால் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்.

இன்னொன்றையும் நீங்கள் பார்க்க வேண்டும். மாஸ்ரருக்கு அப்படி நடந்திராவிட்டால் கோசலையின் கேஸில் எழுத என்ன இருந்திருக்கும்? அந்தக் குடும்பத்தில் நான்கு பேர். மூன்று பேருக்கு நான் அட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இந்தத் தெருவில் கேஸ் எழுதும் யாரையும் கேட்டுப் பாருங்கள், மதாம். நாலுக்கு மூன்று என்பது நல்ல கணக்கு.